குடிநீரில் கதிரியக்கம்: முதல் சோதனைக்கு எந்தக் கருவி?

தென்கோடிக் கடலோரத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் கற்பிக்கும் நண்பர் இரண்டு வாரங்களுக்கு முன் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய ஆய்வகத்துக்கு நிதி வந்திருக்கிறது. சுற்றுவட்டாரத் தண்ணீரில் கதிரியக்கம் கலந்திருக்கிறதா என்று விரைவாகப் பார்த்துச் சொல்லும் வசதியை ஏற்படுத்த வேண்டும். நான்கு விலைப்பட்டியல்கள் வாங்கி வைத்திருந்தார். நான்கும் நான்கு விதமான கருவிகள். "பெரிய கருவி என்றால் ஒன்றைத்தான் வாங்க முடியும் சார். எதை வாங்கட்டும்?" என்றார். அரை மணி நேரம் பேசியும் எனக்கு மனம் ஆறவில்லை. தண்ணீர் மாதிரிகளோடு பல ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில், அவருக்குச் சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் இங்கே எழுதுகிறேன்.

முதல் சோதனை என்பது ஒரு சல்லடை. தண்ணீரில் இருக்கும் ஒவ்வொரு கதிரியக்கத் தனிமத்தின் பெயரையும் அளவையும் அது சொல்லாது. இந்தத் தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம், அந்தத் தண்ணீரை இன்னும் ஆழமாகச் சோதிக்க வேண்டும் என்று இரண்டாகப் பிரிப்பதே அதன் வேலை. அப்படியானால் சல்லடையின் கண் எவ்வளவு சிறியது என்பதுதான் முதல் கேள்வி.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கண் அளவு, லிட்டருக்கு மொத்த ஆல்ஃபா 0.5 பெக்கரல், மொத்த பீட்டா 1 பெக்கரல். ஆல்ஃபா, பீட்டா, காமா என்பவை சிதையும் அணு வீசும் மூன்று வகைக் கதிர்கள். ஒரு பெக்கரல் என்றால் விநாடிக்கு ஓர் அணு சிதைகிறது என்று பொருள். நாளொன்றுக்கு 2 லிட்டர் வீதம் ஆண்டு முழுவதும் குடித்தாலும் உடலில் சேரும் கதிர்வீச்சு 0.1 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது என்ற கணக்கை ஒட்டி வைத்த எல்லை அது. நம் இந்தியக் குடிநீர்த் தரம் ஐஎஸ் 10500 இன்னும் கண்டிப்பானது, ஆல்ஃபாவுக்கு 0.1 பெக்கரல்தான் அனுமதி. இவை அமைதிக் காலத்து எண்கள். விபத்துக் காலத்து எண்கள் வேறு. 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா விபத்தின்போது ஜப்பானில் குடிநீரில் அயோடின்-131க்கு இருந்த தற்காலிக வரம்பு, பெரியவர்களுக்குக் கிலோவுக்கு 300 பெக்கரல், கைக்குழந்தைகளுக்கு 100. அடுத்த ஆண்டு ஏப்ரலில் குடிநீரில் கதிரியக்க சீசியத்துக்கான வரம்பை 10 பெக்கரலாக இறக்கினார்கள்.

0.1 எங்கே, 300 எங்கே! மூவாயிரம் மடங்கு இடைவெளி. விற்பனைக்காரர் "பத்து நிமிடத்தில் முடிவு" என்று சொல்லும்போது, எந்த எண்ணுக்குப் பத்து நிமிடம் என்று கேட்க வேண்டும். ஒரே கருவி 300ஐ ஒரு நிமிடத்தில் பிடித்துவிடும், 0.1ஐப் பிடிக்க அதற்கு ஓர் இரவு போதாது. வேகம் கருவியின் பெட்டிக்குள் மட்டும் இல்லை. நாம் எந்த அளவைக் கேட்கிறோம் என்பதில்தான் பெரும்பாலும் இருக்கிறது.

அதனால் நான்கு கருவிகளையும் இரண்டு கேள்விகளின் முன் நிறுத்திப் பார்க்கிறேன். ஒன்று கனமாச்சிக் கேள்வி. 2011 மார்ச் 22 அன்று டோக்கியோவின் கனமாச்சி நீர்சுத்திகரிப்பு நிலையத்தில் எடுத்த மாதிரியில் அயோடின்-131 கிலோவுக்கு 210 பெக்கரல் இருந்தது. மறுநாள் அறிவிப்பு வந்தது: 23 வார்டுகளிலும் அருகிலுள்ள ஐந்து நகரங்களிலும் கைக்குழந்தைகளுக்குக் குழாய்த் தண்ணீர் வேண்டாம். ஏறத்தாழ 80,000 குழந்தைகளுக்குத் தலைக்கு மூன்று பாட்டில் வீதம் தண்ணீர் வழங்க ஏற்பாடு நடந்தது. 24ஆம் தேதி அளவு 79க்கு இறங்கியது, தடை நீங்கியது. மூன்றே நாள். ஒரு வாரம் கழித்து வரும் துல்லியமான அறிக்கையால் அந்தத் தாய்மார்களுக்கு எந்தப் பயனும் இல்லை. இன்னொன்று ஆழ்துளைக் கிணற்றுக் கேள்வி. பாறையிலிருந்து யுரேனியமும் ரேடியமும் கரைந்து ஆண்டுக்கணக்காகக் குடிநீரில் வந்துகொண்டிருக்கிறதா? இதில் ஒரு நாள் தாமதத்தால் பெரிதாக எதுவும் கெட்டுவிடாது. ஆனால் பிடிக்க வேண்டிய அளவு மிக நுண்ணியது.

விலை குறைந்ததிலிருந்து தொடங்குகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மளிகைக் கடை அண்ணாச்சி எங்கள் ஆய்வகத்துக்கு வந்தார். கையில் ஒரு லிட்டர் தண்ணீர். சட்டைப் பையில் கைப்பேசி அளவில், கதிர்வீச்சை எண்ணிக் காட்டும் ஒரு கெய்கர் கருவி. மகன் வெளிநாட்டிலிருந்து வாங்கி அனுப்பியது. கருவியைப் பாட்டிலோடு ஒட்டிவைத்துக் காட்டினார். 0.12, 0.15, 0.11 என்று எண்கள் மாறின. பிறகு சுவரில் வைத்தார்; அதே எண்கள். "சுவரில் வருவதுதான் தண்ணீரிலும் வருகிறது. அப்படியானால் தண்ணீர் நல்லதுதானே தம்பி?" என்றார். அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியைக் கலைக்க மனமில்லாமல்தான் விளக்கினேன்.

ஆல்ஃபா துகள் தண்ணீருக்குள் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு தூரம்கூடப் போகாது. கதிரியக்க ஹைட்ரஜனான டிரிட்டியத்தின் பீட்டாவோ அதில் ஒரு சிறு பகுதிதான் போகும். பாட்டில் சுவரைத் தாண்டி வெளியே வருவது பெரும்பாலும் காமா மட்டுமே. லிட்டருக்கு 10 பெக்கரல் சீசியம்-137 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 600 சிதைவுகள், சுமார் 510 காமாக் கதிர்கள். அவற்றில் கருவியின் பக்கம் திரும்புவது பத்தில் ஒன்று என்று தாராளமாகவே வைத்தாலும் ஐம்பது. வந்து மோதும் நூறு காமாவில் ஒன்றைத்தான் கெய்கர் குழாய் உணரும். ஆக, நிமிடத்துக்கு அரை எண்ணிக்கை. தண்ணீரே இல்லாதபோதும் மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் நல்ல வட்டத்தட்டுக் குழாய் ஒன்றில் நிமிடத்துக்கு 40, 50 எண்ணிக்கை பதிவாகும். அது தானாகவே ஏழு கூடும், ஏழு குறையும். அந்த ஆட்டத்தில் அரை எண்ணிக்கை எங்கே தெரியப் போகிறது? கனமாச்சியின் 210 பெக்கரலைக்கூடப் பத்து நிமிடம் பொறுமையாக எண்ணினால் ஒரு சந்தேகமாகத்தான் காட்டும். 100ஐத் தாண்டியதா இல்லையா என்று சொல்லாது. விபத்துக்குப் பின் ஜப்பானில் மக்கள் இத்தகைய கருவிகளை வாங்கிக் குவித்தபோது, உணவும் குடிநீரும் வரம்புக்குள் இருக்கின்றனவா என்பதை இவற்றைக் கொண்டு முடிவு செய்ய முடியாது என்று அந்நாட்டுத் தேசிய நுகர்வோர் மையம் 2011லேயே எச்சரித்தது.

ஆய்வகத்தில் கெய்கர் கருவி வேண்டும்தான். வாசலில் வந்து சேரும் மாதிரி, கையாளுபவருக்கே ஆபத்தான அளவில் இருக்கிறதா என்று பார்க்க அது வேண்டும். தண்ணீர் நல்லது என்று சான்று தர அதை நம்பக் கூடாது. சல்லடை என்ற பெயரில் ஓட்டை வாளியை வைத்துக்கொள்வதைவிடச் சோதிக்கவில்லை என்று ஒப்புக்கொள்வது மேல்.

அடுத்தது, பல ஆய்வகங்களில் பழகிய முறை: தண்ணீரை ஆவியாக்கி, எஞ்சும் உப்பைத் தட்டில் பரப்பி, ஆல்ஃபாவையும் பீட்டாவையும் எண்ணுவது. நானும் இதில்தான் தொழில் பழகினேன். ஹாட் பிளேட்டில் கொதிக்க விடாமல் மெல்லச் சுண்டவைக்க வேண்டும். கொதித்தால் துளிகள் தெறித்துப் போகும். கடைசிச் சில மில்லிலிட்டரைச் சொட்டுச் சொட்டாக எஃகுத் தட்டில் விட்டு அகச்சிவப்பு விளக்கின் கீழ் உலர்த்துவோம். நல்ல ஆற்று நீர் என்றால் தட்டில் மங்கலான ஒரு படலம் மட்டும் இருக்கும். நம் கடலோர ஆழ்துளைக் கிணற்று நீர் என்றால், சுண்ணாம்பு அடித்த சுவர் உரிந்தது போல வெள்ளைப் பொருக்கு.

அந்தப் பொருக்கில்தான் சிக்கல். ஆல்ஃபா தன் உப்புக்குள்ளேயே நின்றுவிடாமல் இருக்க, தட்டின் ஒரு சதுர சென்டிமீட்டரில் 5 மில்லிகிராமுக்கு மேல் உப்பு இருக்கக் கூடாது. 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள தட்டின் பரப்பு சுமார் 20 சதுர சென்டிமீட்டர்; மொத்தம் 100 மில்லிகிராம் உப்புக்குத்தான் இடம். லிட்டருக்கு 500 மில்லிகிராம் கரைபொருள் உள்ள தண்ணீரில் 200 மில்லிலிட்டர் எடுக்கலாம். 2000 மில்லிகிராம் என்றால் வெறும் 50 மில்லிலிட்டர். அரை டம்ளர்கூட இல்லை. அந்த 50 மில்லிலிட்டரில் ஐஎஸ் வரம்பான 0.1 பெக்கரல் வீதம் ஆல்ஃபா இருந்தால் மணிக்கு 18 சிதைவு. கருவி அவற்றில் பத்தில் ஒன்றைப் பிடித்தால் மணிக்கு இரண்டு எண்ணிக்கை. வெற்றுத் தட்டை வைத்தாலே ஒரு நல்ல ஆல்ஃபா எண்ணியில் மணிக்கு இரண்டு, மூன்று வரும். இதற்கு விடிய விடிய எண்ணுவதைத் தவிர வேறு வழி இல்லை. 0.5 பெக்கரல்தான் கேள்வி என்றால் இரண்டு, மூன்று மணி நேரத்தில் ஓரளவு தெளிவு வந்துவிடும்.

குளோரைடு மிகுந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். தராசில் வைத்த தட்டின் எடை, பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு மில்லிகிராம், இரண்டு மில்லிகிராம் என்று ஏறுவதை முதல்முறை பார்த்தபோது தராசு பழுது என்றே நினைத்தேன். ஆவியாக்கும்போதே கொஞ்சம் கந்தக அமிலம் விட்டு உப்பைச் சல்ஃபேட்டாக மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை அடங்கும். பீட்டாப் பக்கத்தில் பொட்டாசியம் குறுக்கே வரும். எல்லாப் பொட்டாசியத்திலும் இயற்கையாகவே கொஞ்சம் பொட்டாசியம்-40 உண்டு; கிராமுக்குச் சுமார் 28 பெக்கரல் பீட்டா. உரம் கலந்த கிணற்று நீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் பொட்டாசியம் இருந்தால் அதுவே 1.4 பெக்கரல், வரம்பு தாண்டிவிடும். பொட்டாசியத்தைத் தனியே அளந்து கழிக்காமல் யாரும் அபாய மணி அடிக்கக் கூடாது. நாம் விரும்பிக் குடிக்கும் இளநீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 2 கிராம் பொட்டாசியம் இருக்கிறது. அதன் பீட்டா மட்டுமே 50 பெக்கரலைத் தாண்டும். அதனால் யாருக்கும் கேடில்லை. உடல் தனக்கு வேண்டிய பொட்டாசியத்தை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை வெளியேற்றிவிடுகிறது.

கருவி மலிவு, பராமரிப்பு எளிது, பயிற்சி தருவதும் எளிது. ஆழ்துளைக் கிணற்றுக் கேள்விக்கு இது நேர்மையான முறை. கனமாச்சிக் கேள்விக்கு ஆகாது. அமிலம் சேர்த்துச் சூடாக்கினால் அயோடின் ஆவியாகப் போய்விடும். டிரிட்டியமோ தண்ணீரோடு தண்ணீராகவே போய்விடும். தட்டு சுத்தமாக இருக்கும், அறிக்கையும் சுத்தமாக இருக்கும், குழந்தையின் பால் புட்டியில் மட்டும் அயோடின் இருக்கும்.

இதே முறையில் காலதாமதம் எப்படி ஏமாற்றும் என்பதற்கு அமெரிக்காவின் நியூஜெர்சி நல்ல பாடம். 1990களில் டாம்ஸ் ரிவர் பகுதியின் கிணறுகளில் விளக்க முடியாத ஆல்ஃபா அளவு தெரிந்தது. காரணம் ரேடியம்-224 என்று பின்னர் கண்டார்கள். அதன் அரை ஆயுள் மூன்றரை நாளுக்குச் சற்று அதிகம். மாதிரி வரிசையில் காத்திருந்து இரண்டு வாரம் கழித்து எண்ணப்பட்டால் அதில் பெரும்பகுதி காணாமல் போயிருக்கும். அதனால் அந்த மாநிலம், மாதிரி எடுத்த 48 மணி நேரத்துக்குள் ஆல்ஃபாவை எண்ண வேண்டும் என்று விதி செய்தது. ரேடியம்-224 தோரியம் படிப்படியாகச் சிதையும் தொடரில் பிறப்பது. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ள மோனசைட் தோரியம் நிறைந்த கனிமம். மோனசைட் தண்ணீரில் எளிதில் கரையாது. மணலில் தோரியம் இருப்பதால் கிணற்றிலும் இருக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அங்கே கிணற்று நீரைச் சோதிக்கும் எவரும் 48 மணி நேரக் கணக்கை மறந்துவிடக் கூடாது. என் நண்பரின் கல்லூரி அந்தப் பக்கம்தான் என்பதால் இதை அழுத்திச் சொன்னேன்.

அவருக்கு மிகவும் பிடித்துப்போன மூன்றாவது விலைப்பட்டியல், உயர்தூய்மை ஜெர்மானியம் என்ற தனிமத்தை உணரியாகக் கொண்ட காமா நிறமாலைமானி. யாருக்குத்தான் பிடிக்காது? அடியில் குழிவுள்ள மாரினெல்லி பீக்கரில் 2 லிட்டர் தண்ணீரை ஊற்றி, தொப்பி போல உணரியின் மேல் கவிழ்த்து, பத்து சென்டிமீட்டர் தடிமனுள்ள ஈயக் கதவை மூடிவிட்டு உட்கார்ந்தால், திரையில் கூர்மையான கோபுரங்கள் ஒவ்வொன்றாக எழும். 364 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலில் எழுந்தால் அயோடின்-131. 662இல் எழுந்தால் சீசியம்-137. 1461 என்றால் நம் பழைய பொட்டாசியம். ஆவியாக்க வேண்டாம், அமிலம் வேண்டாம். ஆளைப் பெயர் சொல்லிக் காட்டும். கனமாச்சியின் 210 பெக்கரல் இதில் சில நிமிட வேலை; சீசியம் 10 பெக்கரல் வரம்பையும் பத்து, இருபது நிமிடத்தில் பார்த்துவிடலாம். விபத்தின் முதல் வாரத்துக்கு இதைவிடச் சிறந்த கருவி இல்லை.

ஆனால் இது காமாவை மட்டுமே பார்க்கும் கண். டிரிட்டியம் தெரியாது. ஸ்ட்ரான்ஷியம்-90 தெரியாது. பொலோனியம்-210 தெரியாது. ரேடியம்-226ஐ, அது சிதைந்து பிறக்கும் மகள் அணுக்கள் வழியாக ஒழுங்காக அளக்க, மாதிரியைக் காற்றுப் புகாமல் அடைத்து மூன்று வாரம் வைத்திருக்க வேண்டும்; அதை விரைவுச் சோதனை என்று எப்படிச் சொல்வது? ஆழ்துளைக் கிணற்றுக் கேள்விக்கு இந்த விலையுயர்ந்த கருவி பெரும்பாலும் மௌனமே பதிலாகத் தரும். பல பத்து லட்சம் ரூபாய் போக, உணரியை மைனஸ் 196 பாகையிலுள்ள திரவ நைட்ரஜனாலோ மின்குளிரூட்டியாலோ ஓயாமல் குளிர்வித்துக்கொண்டிருக்க வேண்டும். நைட்ரஜன் வண்டி வாரம் தவறாமல் வரும் ஊர்களில் கவலை இல்லை. புயலில் நான்கு நாள் மின்சாரமும் சாலையும் இல்லாமல் போகும் கடலோர ஊரில், தேவைப்படும் அன்று அது தயாராக இருக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன்.

இதன் தம்பி சோடியம் அயோடைடு உணரி. குளிரூட்டல் வேண்டாம், விலை பல மடங்கு குறைவு. கோபுரங்கள் கூர்மையாக இருக்காது. மண்மேடு போலப் பரந்திருக்கும். அயோடினையும் சீசியத்தையும் பிரித்துக் காட்ட அது போதும். ஈயக் கூட்டுக்குள் வைத்தால் 100 பெக்கரல் அளவிலான கேள்விக்கு நம்பிக்கையாகப் பதில் சொல்லும். 10 பெக்கரலுக்குத் திணறும். ஜப்பானில் உணவுப் பொருள்களின் முதல் சோதனைக்கு இந்தக் கருவிகள்தான் ஊர் ஊராகச் சுமை தாங்கின.

நான்காவது, விலைப்பட்டியலைப் பார்த்தவுடன் நண்பர் ஒதுக்கி வைத்தது: திரவ ஒளிர்வு எண்ணி. பார்ப்பதற்கு ஒரு பெரிய குளிர்பதனப் பெட்டிபோல இருக்கும். திரையில் அழகான கோபுரமும் எழாது. சுண்டுவிரல் நீளத்துக்கும் சற்றே பெரிய 20 மில்லிலிட்டர் குப்பியில் 8 மில்லிலிட்டர் தண்ணீரும் 12 மில்லிலிட்டர் ஒளிர்திரவமும் விட்டுக் குலுக்குவோம். எங்கள் வழக்கில் அந்தத் திரவத்துக்குப் பெயர் காக்டெயில். தண்ணீரில் சிதையும் ஒவ்வோர் அணுவும் காக்டெயிலில் ஒரு மின்மினிப் பொறியைத் தட்டிவிடும். இரு பக்கமும் இருக்கும் ஒளிக்குழாய்கள் அதை எண்ணும். உணரியும் மாதிரியும் ஒன்றாகக் கலந்துவிட்டதால், பாட்டில் சுவரையோ உப்புப் பொருக்கையோ தாண்ட வேண்டிய சிக்கலே இல்லை. ஆல்ஃபா ஏறத்தாழ நூற்றுக்கு நூறு பிடிபடும். ஆல்ஃபாவின் பொறி பீட்டாவின் பொறியைவிடச் சற்று மெதுவாக அணையும். அந்த வேறுபாட்டை வைத்து இரண்டையும் பிரிக்கும் வசதியுள்ள கருவியைத்தான் வாங்க வேண்டும்.

கனமாச்சிக் கேள்விக்கு வைத்துப் பாருங்கள். சூடாக்காததால் அயோடின் தப்பாது. லிட்டருக்கு 100 பெக்கரல் என்றால் குப்பியில் 0.8 பெக்கரல், நிமிடத்துக்கு நாற்பத்துச் சொச்சம் எண்ணிக்கை. மாதிரி இல்லாமலே வரும் பின்னணி எண்ணிக்கை பத்து, இருபதாக இருக்கும் கருவியில் இது பத்து நிமிட வேலை. சீசியம் 10 பெக்கரல் என்றால் அரை மணி முதல் ஒரு மணி நேரம். டிரிட்டியத்துக்கு இதை விட்டால் நடைமுறையில் வேறு விரைவான வழியே இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவான 10,000 பெக்கரலை இது ஒரு நிமிடத்தில் காட்டிவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 100 பெக்கரலுக்கு, தண்ணீரை முதலில் வாலை வடித்து, பின்னணி குறைந்த கருவியில் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம். கல்பாக்கத்தில் 1984இலும் 1986இலும் வணிக மின் உற்பத்திக்கு வந்த இரண்டு உலைகளும் கனநீர் உலைகள். கனநீரிலுள்ள டியூட்டீரியம் நியூட்ரானை விழுங்கி டிரிட்டியமாகும். அந்த வகை உலைக்கு அருகில் தண்ணீரைக் கண்காணிக்க விரும்பும் ஆய்வகம் டிரிட்டியத்தைப் பார்க்காத கருவியை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? 2023 ஆகஸ்ட் 24 முதல் ஃபுகுஷிமாவிலிருந்து கடலில் விடும் நீரை லிட்டருக்கு 1,500 பெக்கரல் டிரிட்டியத்துக்குக் கீழே நீர்த்துவிட்டுத்தான் விடுகிறார்கள். அதையும் இந்த முறையில்தான் அளக்கிறார்கள்.

ஆழ்துளைக் கிணற்றுக் கேள்விக்கு 8 மில்லிலிட்டர் போதாது. 200 மில்லிலிட்டரை மிதமான சூட்டில் 20 மில்லிலிட்டராகச் சுண்டவைத்து அதிலிருந்து எடுக்க வேண்டும். அப்போதும் 0.1 பெக்கரலுக்குச் சில மணி நேரம் எண்ண வேண்டியிருக்கும். ஆனால் குப்பிகளை அடுக்கிவிட்டு வீட்டுக்குப் போகலாம். கருவியே ஒவ்வொன்றாக எடுத்து எண்ணிக்கொள்ளும். உப்பு அளவுக்கு மீறினால் இதற்கும் தொல்லைதான்; குப்பி கலங்கி, ஒளி மங்கும்.

இந்த முறை என்னை ஒருமுறை நன்றாகவே கலங்கடித்தது. கோடையில் புதிதாகத் தோண்டிய ஆழ்துளைக் கிணற்றின் நீர், எடுத்த இரண்டு மணி நேரத்தில் வந்தது. நேரடியாகக் கலந்து வைத்தேன். ஆல்ஃபா எண்ணிக்கை வரம்பைப் பல மடங்கு தாண்டி நின்றது. அந்தத் தெருவில் எத்தனை வீடுகள் என்று மனம் கணக்குப் போடத் தொடங்கிவிட்டது. அறிக்கை எழுத உட்கார்ந்தபோதுதான், மூத்த சக ஊழியர் ஒருவர், "மாதிரியை மூடாமல் கொஞ்சம் சூடாக்கி, மூன்று மணி நேரம் விட்டு மறுபடி எண்ணிப் பாருங்கள்" என்றார். எண்ணினேன். ஆல்ஃபா அநேகமாக ஒன்றும் இல்லை. நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் ரேடான் வாயு, தண்ணீரைவிடக் காக்டெயிலை விரும்பி அதில் போய்த் தங்கும். மொத்த ஆல்ஃபா வரம்பு ரேடானைச் சேர்க்காமல் வைக்கப்பட்டது. வாயுவை வெளியேற்றி, அதன் மகள் அணுக்கள் சிதைய மூன்று மணி நேரம் கொடுத்தபிறகு வருவதுதான் நாம் கேட்ட எண். அன்றிலிருந்து நேரடிக் கலவையில் வரும் எந்த ஆல்ஃபா உயர்வையும் இரண்டாம் முறை எண்ணாமல் நான் எழுதியதில்லை. கலந்த குப்பியை ஓரிரு மணி நேரம் இருட்டில் வைப்பதும் அப்படித்தான். வெளிச்சம் பட்ட காக்டெயில் தானாகவே மினுக்கும், அது டிரிட்டியம் போலவே தோன்றும்.

குறைகள் உண்டு. பெயர் சொல்லாது, பீட்டா இருக்கிறது என்று சொல்லுமே தவிர, அயோடினா ஸ்ட்ரான்ஷியமா என்று தானாகத் தெளிவாகச் சொல்லாது. காக்டெயில் தொடர் செலவு. நூறு மாதிரிக்கு 2 லிட்டர் கலவைக் கழிவு சேரும், அதைத் தொட்டியில் கொட்ட முடியாது. பழைய டொலுயீன் வகையை விட்டுவிட்டு, ஆவியும் நச்சும் குறைந்த வகையைத்தான் வாங்க வேண்டும்.

என் முடிவைச் சொல்கிறேன். நண்பரின் ஆய்வகத்துக்கு ஆல்ஃபா பீட்டா பிரிக்கும் திரவ ஒளிர்வு எண்ணி. மிச்சப் பணத்தில் ஈயக் கூட்டோடு ஒரு சோடியம் அயோடைடு உணரி. இருக்கிறதா இல்லையா என்பதை முதலாவது சொல்லும். இருந்தால் அயோடினா சீசியமா என்பதை இரண்டாவது சொல்லும். ஜெர்மானியத்துக்கு, அது ஏற்கெனவே இருக்கும் ஓர் ஆய்வகத்தோடு இப்போதே ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். சல்லடையில் தங்கியதை மட்டும் அங்கே அனுப்பினால் போதும். ஃபுகுஷிமா அணுமின் நிலையத்துக்குத் தெற்கே இவாக்கி நகரில் தாய்மார்கள் 2011 நவம்பரில் தாங்களே தொடங்கிய தாராச்சினே என்ற அளவீட்டு மையமும் சீசியத்தோடு நிற்கவில்லை. டிரிட்டியத்தையும் ஸ்ட்ரான்ஷியத்தையும் யார் பார்ப்பது என்ற கேள்வி எழுந்தபின் திரவ ஒளிர்வு எண்ணியையும் அங்கே நிறுவினார்கள். பீட்டாவைத் தவிர்த்துவிட்டுத் தண்ணீரைப் பற்றி முழுதாகப் பேச முடியாது என்று அவர்களும் கண்டார்கள்.

ஆழ்துளைக் கிணறு மட்டுமே கவலை என்றால் என் பதில் மாறும். அப்போது தட்டு முறையும் ஓர் யுரேனிய ஒளிர்மானியும் போதும். ஒளிர்மானியில் சில மில்லிலிட்டர் தண்ணீரோடு பாஸ்பேட் கரைசலைச் சேர்த்தால் சில நிமிடத்தில் யுரேனியத்தின் அளவு தெரிந்துவிடும். லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அது சிறுநீரகத்துக்கு வரும் வேதிக் கேட்டை வைத்து இடப்பட்டது. அந்த அளவு யுரேனியத்தின் ஆல்ஃபாவே 0.75 பெக்கரல் ஆகும். ஆகவே ஆல்ஃபா உயர்ந்த தண்ணீரில் முதலில் யுரேனியத்தை அளந்து கழித்துவிட்டால், மிச்சத்துக்கு ரேடியத்தைத் தேட வேண்டுமா என்பது தெளிவாகிவிடும்.

எந்தக் கருவி வாங்கினாலும் கெடுப்பது பாட்டில்தான். உலோகங்கள் பாட்டில் சுவரில் ஒட்டாமலிருக்க மாதிரியில் நைட்ரிக் அமிலம் சேர்ப்போம். அதே அமிலம் அயோடினை விரட்டிவிடும். எனவே ஒவ்வொரு கிணற்றிலும் இரண்டு பாட்டில்: அமிலம் விட்டது ஒன்று, விடாதது ஒன்று. டிரிட்டியத்துக்கு அமிலம் விடாத கண்ணாடிப் பாட்டில், கழுத்து வரை நிரப்பி மூடியது. எடுத்த நாளோடு மணியையும் எழுத வேண்டும். மணி இல்லாத பாட்டிலில் ரேடியம்-224ஐப் பற்றியோ அயோடினைப் பற்றியோ எந்தக் கணக்கும் போட முடியாது. அமிலம் விட்ட பாட்டிலுக்குச் சிவப்பு மூடி என்ற வழக்கத்தை நாங்கள் வைத்திருந்தோம். அவசரத்தில் எழுத்தைப் படிக்காதவர்களும் நிறத்தைப் பார்ப்பார்கள்.

நண்பர் கடைசியாக ஒன்று கேட்டார். "விபத்து நடக்காவிட்டால் இந்தக் கருவி சும்மா கிடக்குமே?" அதற்குத்தான் நான் அதிக நேரம் பேசினேன். விபத்து நாளில் ஒரு கிணற்றில் பீட்டா 0.6 என்று வந்தால், அது நேற்றும் 0.6தானா என்று சொல்ல யாராவது நேற்றே அளந்திருக்க வேண்டும். மழைக்கு முன்னும் பின்னும், ஆண்டுக்கு இரண்டு முறை, இருபது கிணறுகள். பொட்டாசியமும் உப்பும் யுரேனியமும் அந்தந்த மண்ணுக்கு என்ன என்பது அந்தப் பதிவேட்டில் இருந்தால், அந்த நாளில் பத்து நிமிட எண்ணிக்கையும் நம்பத்தக்கதாகிவிடும். பதிவேடு இல்லாமல் கருவி மட்டும் இருந்தால், எண் வரும். அதற்கு என்ன பொருள் என்று யாருக்கும் தெரியாது.

நேற்று அவர் கிணறுகளின் பட்டியலை அனுப்பியிருந்தார். பத்தொன்பது இருந்தன. கல்லூரி விடுதிக்குப் பின்னால் உள்ள கிணற்றை விட்டுவிட்டாரே என்று கேட்டு எழுதியிருக்கிறேன். தினமும் அறுநூறு பிள்ளைகள் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான்.